பேட்டரியில் இயங்கும் வால்வு பஃபர்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

புதுச்சேரியில் என் வீட்டு மேசை மீது இருக்கும் வால்வு (வெற்றிடக் குழல்) பஃபரைப் பற்றி, அதாவது ஒலி மூலத்துக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் நடுவே நின்று, ஒலியைப் பெருக்காமல் கம்பியை இயக்கித் தரும் சுற்றைப் பற்றிக் கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் பலர் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கர்கள் 12ஏயூ7 என்று அழைக்கும் ஈசிசி82 வால்வு ஒன்று. அதற்குள் இருக்கும் இரண்டு ட்ரையோடுகளும் (கேத்தோடு, கிரிட், பிளேட் என மூன்று மின்முனை கொண்டவை) இடம், வலம் என ஒவ்வொரு பக்கத்துக்கும் கேத்தோடு ஃபாலோயராக வேலை செய்கின்றன; அதாவது கிரிட்டில் நுழையும் இசையைப் பின்தொடர்ந்து கேத்தோடிலிருந்து வெளியே தருகின்றன. கேத்தோடைச் சூடாக்கும் ஹீட்டருக்கு 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி யூபிஎஸ் பேட்டரி. பிளேட்டுக்குப் பத்து 9 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்த 90 வோல்ட். ஒவ்வொரு கேத்தோடும் 22 கிலோஓம் மின்தடை வழியாகத் தரையோடு இணைகிறது, அங்கே 40 வோல்ட் அளவில் நிற்கும், ஏறத்தாழ 1.8 மில்லிஆம்பியர் ஓடும்.

வில்லியனூர் வாசகர்: ஒலியைச் சற்றும் பெருக்காத ஒரு சுற்றுக்கு இவ்வளவு பாடு எதற்கு, ஐயா?

பெருக்குவது இதன் வேலை அன்று. சொல்லப்போனால் உள்ளே போகும் மின்னழுத்தத்தில் ஏறத்தாழ 0.9 பங்குதான் வெளியே வரும். அதன் பயன் வேறிடத்தில் இருக்கிறது. நாற்காலிக்கு அருகே 100 கிலோஓம் வால்யூம் கண்ட்ரோல் ஒன்றை வைத்து, அங்கிருந்து ஐந்து மீட்டர் ஷீல்டு கம்பியில் ஆம்ப்ளிஃபையருக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கம்பியின் மின்தேக்கம் மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் என்றால் மொத்தம் 500. வால்யூம் கண்ட்ரோல் மின்தடைக் கணக்கில் நடுவில் நிற்கும்போது அதன் வெளியீட்டு மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்குக் காட்டும் எதிர்ப்பு) 25 கிலோஓம். இந்த இரண்டும் சேர்ந்து 12.7 கிலோஹெர்ட்ஸ் அளவிலேயே உயர் சுரங்களைக் குறைக்கத் தொடங்கிவிடும். தம்புராவின் ஜீவாளியும் கஞ்சிராவின் சலங்கையொலியும் மங்கிப் போவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். நடுவே பஃபரை வைத்தால் கம்பியை இயக்கும் மின்மறுப்பு 600 ஓம் அளவுக்கு இறங்குகிறது. அந்த எல்லை 500 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போய்விடுகிறது. இதை நான் காதால் மட்டும் சொல்லவில்லை. கணக்கும் அதையே காட்டுகிறது.

அதே வாசகர்: வால்வு என்பதால் ஒலி இனிமையாகுமா?

பெரிதாக ஆகாது. கேத்தோடு ஃபாலோயரில் வெளியீடு முழுவதும் பின்னூட்டமாகத் திரும்புவதால், திரிபு மிகக் குறைவு. வால்வின் தனிச்சுவையை விரும்புகிறவர் பெருக்கும் சுற்றைக் கட்ட வேண்டும். இருப்பதை இழக்காமல் கொண்டுபோய்ச் சேர்க்க விரும்புகிறவர் இதைக் கட்டலாம்.

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: பிளேட்டுக்கும் ஹீட்டரின் 12 வோல்ட்டையே கொடுத்துக் கட்டினேன். மெல்லிய ஒலியில் நன்றாக இருக்கிறது. சத்தம் கூடினால் கலங்குகிறது. வால்வு பழுதா?

வால்வின் மீது குற்றமில்லை. கேத்தோடு 6 வோல்ட்டில் நின்றால் பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே எஞ்சுவது ஆறே வோல்ட். அந்த நிலையில் ஈசிசி82 தரக்கூடிய மின்னோட்டம் 0.2 மில்லிஆம்பியரைக்கூடத் தொடாது. சிடி பிளேயர் தரும் 2 வோல்ட்டின் உச்சம் 2.8 வோல்ட்; உங்கள் ஆம்ப்ளிஃபையரின் உள்ளீடு 10 கிலோஓம் என்றால் அந்த உச்சத்தில் 0.28 மில்லிஆம்பியர் வேண்டும். இல்லாததை வால்வு எப்படிக் கொடுக்கும்? பத்துப் 9 வோல்ட் பேட்டரிகளை வாங்கித் தொடராக இணையுங்கள், கலக்கம் நீங்கிவிடும். 12 வோல்ட்டிலேயேதான் கட்டுவேன் என்றால், கார் ரேடியோக்களில் அந்த அழுத்தத்துக்கென்றே உருவாக்கப்பட்ட ஈசிசி86 போன்ற வால்வைத் தேட வேண்டும்.

லாஸ்பேட்டை: பேட்டரிகள் எத்தனை நாள் வரும்?

ஹீட்டர் 150 மில்லிஆம்பியர் எடுக்கிறது. 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் பாதியை மட்டும் பயன்படுத்தினால் 23 மணி நேரம். ஈயப் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காமல் இருப்பதே அதன் ஆயுளுக்கு நல்லது. நம் ஊர் வெயிலில் மொட்டைமாடி அறையில் அதை வைக்காதீர்கள். வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். 9 வோல்ட் அல்கலைன் பேட்டரிகள், இரண்டு பக்கமும் சேர்த்து 3.6 மில்லிஆம்பியர்தான் ஓடுகிறது என்பதால், நூறு மணி நேரத்துக்கு மேல் தாங்கும். மொத்தம் 70 வோல்ட்டுக்கு இறங்கியதும் மாற்றிவிடுங்கள். சார்ஜ் ஆகும்போது பஃபரை இயக்காதீர்கள், ஏனெனில் 14.4 வோல்ட் என்பது 12.6 வோல்ட் ஹீட்டருக்கு மிகை.

நெல்லிக்குப்பம்: பத்துப் பேட்டரிகளுக்குப் பதிலாக எம்டி3608 பூஸ்ட் மாட்யூல் (குறைந்த வோல்ட்டை உயர்த்தித் தரும் சிறு பலகை) வைக்கலாமா?

வைக்காதீர்கள். அது 28 வோல்ட் வரைதான் தரும் என்பது ஒரு குறை, 1.2 மெகாஹெர்ட்ஸில் துடிக்கிறது என்பது மற்றொன்று. அந்த அலைவெண் மத்திய அலை வரிசையின் நடுவிலேயே விழுவதால் பக்கத்தில் இருக்கும் ரேடியோவும் கெடும். அமைதிக்காகப் பேட்டரியைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதே பெட்டிக்குள் இரைச்சலை உண்டாக்கும் கருவியை வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

திருப்பாதிரிப்புலியூர்: முழுவதும் பேட்டரிதான். ஆனாலும் 'உம்' என்ற இரைச்சல் போகவில்லை. ஏன், ஐயா?

இதே கேள்வியோடு நானும் வாரக்கணக்கில் அலைந்திருக்கிறேன். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த பிறகு எங்கள் தெருவில் பல நாள் மின்சாரம் இல்லை. கார் பேட்டரியில் ஓடும் சிறு ஆம்ப்ளிஃபையரோடு பஃபரை இணைத்து ஓர் இரவு வீணைக் கச்சேரி கேட்டேன். மீட்டுக்கு மீட்டு இடையே இருந்த அமைதியை அதற்கு முன் என் கருவியில் நான் கேட்டதே இல்லை. மின்சாரம் திரும்பி, பழைய ஆம்ப்ளிஃபையரையும் சார்ஜரோடு கூடிய மடிக்கணினியையும் இணைத்த அன்றே இரைச்சலும் திரும்பியது. பஃபர் மாறவில்லை, அதன் இரு பக்கமும் இருந்தவைதாம் மாறியிருந்தன. மடிக்கணினியின் சார்ஜரும் ஆம்ப்ளிஃபையரும் வெவ்வேறு வழியில் எர்த்தோடு இணைந்திருக்கும்போது, அவற்றுக்கிடையே ஓடும் மின்னோட்டம் உங்கள் ஷீல்டு கம்பியின் வழியாகவும் பஃபரின் தரை வழியாகவும் கடந்துபோகிறது. சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் காரணம் அதுவே. உள்ளீட்டில் 10 கிலோஓமுக்கு 10 கிலோஓம் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வைத்தால் நிரந்தரமாகத் தீரும். இரைச்சலுக்குப் பயந்து ஆம்ப்ளிஃபையரின் எர்த் முள்ளை மட்டும் யாரும் வெட்டிவிடாதீர்கள்.

கடலூர் முதுநகர்: இடையிடையே கரகரப்பு. வீடு துறைமுகத்துக்கு அருகில்.

உப்புக் காற்று வால்வின் ஊசிகளிலும் சாக்கெட்டிலும் படிந்திருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஊசிகளைத் துடைத்து, வால்வை நாலைந்து முறை செருகி எடுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். வால்யூமைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் காரணம் வேறு: உள்ளீட்டு மின்தேக்கி கசிந்து, கிரிட்டின் நேர்மின்னழுத்தம் வால்யூம் கண்ட்ரோலுக்குள் வருகிறது. மீட்டரில் அது தெரியும்.

அரியாங்குப்பத்திலிருந்து ஒரு தாய்: ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகன் இதைக் கட்ட விரும்புகிறான். பயப்பட வேண்டுமா?

பயம் வேண்டாம், ஆனால் நீங்களோ வேறு பெரியவரோ கூடவே இருங்கள், அம்மா. 90 வோல்ட் நேர்மின்சாரம் ஈரக் கையில் கடுமையாக அடிக்கும். அதைவிட, சுவிட்சை அணைத்தாலும் பேட்டரித் தொடரின் இரு முனைகளில் 90 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும் என்பதைப் பையன்கள் மறந்துவிடுகிறார்கள். தொடரை மூடிய பெட்டியில் வையுங்கள். சுவிட்சுக்குப் பின்னால் இருக்கும் 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கிக்குக் குறுக்கே 100 கிலோஓம் மின்தடை இருந்தால், அணைத்த ஒரு நிமிடத்தில் அது வடிந்துவிடும். யூபிஎஸ் பேட்டரியின் நேர்முனையிலேயே 1 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் கம்பி ஒட்டிக்கொண்டால் கம்பி தீப்பிடிக்கும்.

நைனார்மண்டபம்: கட்டி முடித்துவிட்டேன். அடுத்து எதை மேம்படுத்துவது?

விலை உயர்ந்த மின்தேக்கிகளை வாங்குவதற்கு முன், வெளியீட்டு மின்தேக்கியின் அளவைச் சரிபாருங்கள். 10 கிலோஓம் உள்ளீட்டுக்கு 1 மைக்ரோஃபாரட் வைத்தால் 16 ஹெர்ட்ஸில் ஒலி குறையத் தொடங்கும், 2.2 வைத்தால் 7 ஹெர்ட்ஸ். பிறகு, கேத்தோடிலுள்ள 22 கிலோஓமுக்குப் பதிலாக டிஎன்2540 மாஸ்ஃபெட்டால் ஆன நிலையான மின்னோட்டச் சுற்றை வையுங்கள். அளவிட்டே காணக்கூடிய முன்னேற்றம் அதில்தான் இருக்கிறது. ஹீட்டருக்கு நான்கு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்கள் நன்று, தீரும் வரை 13 வோல்ட்டை ஒட்டியே நிற்கும். மூன்று 18650 லித்தியம்-அயன் செல்கள் 12.6-இல் தொடங்கினாலும் விரைவில் 11-க்கு இறங்கிவிடுவதால் நான் பரிந்துரைப்பதில்லை.

பாகூர்: தாத்தாவின் பேட்டரி ரேடியோவிலிருந்து டிஎல்96 வால்வுகள் இரண்டு கிடைத்தன. அவற்றில் பஃபர் கட்ட முடியுமா?

முடியும், பேட்டரியின் அருமை தெரிவதும் அங்கேதான். டிஎல்96-இல் தனிக் கேத்தோடு கிடையாது, 1.4 வோல்ட்டில் 50 மில்லிஆம்பியர் எடுக்கும் ஃபிலமென்டே கேத்தோடாக வேலை செய்கிறது. ஆகவே ஃபாலோயராகக் கட்டும்போது, ஃபிலமென்டுக்கு மின்சாரம் தரும் மூலமும் இசையோடு சேர்ந்து மேலும் கீழும் ஆட வேண்டியிருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் என்றால் அதன் சுற்றுகளுக்கிடையே உள்ள மின்தேக்கம் குறுக்கே நின்று மின்வாரியத்தின் இரைச்சலையும் உள்ளே கொண்டுவரும். ஒரு பெரிய டார்ச் செல்லோ எதனோடும் ஒட்டாமல் மிதந்து நிற்கும். ஒவ்வொரு வால்வுக்கும் தனித்தனி செல் வைத்து, உலோகப் பெட்டியிலிருந்து தள்ளி மரக்கட்டை மேல் பொருத்துங்கள். இந்த வால்வில் கூடுதலாக இருக்கும் ஸ்கிரீன் கிரிட்டைப் பிளேட்டோடு இணைத்து ட்ரையோடாக்கிக்கொள்ளலாம். பிளேட்டுக்கு 90 வோல்ட்டைத் தாண்ட வேண்டாம். மெல்லிய ஃபிலமென்ட் என்பதால் மேசையைத் தட்டினாலே ஸ்பீக்கரில் மணி அடித்தாற்போல் கேட்கும். சாக்கெட்டுக்கு அடியில் ரப்பர் வையுங்கள். வால்வு உயிரோடிருக்கிறதா என்று சோதிக்கப் பழைய முள் மீட்டரின் சிறிய ஓம் வரிசையைப் பயன்படுத்தாதீர்கள். சில மீட்டர்கள் அந்த வரிசையில் 100 மில்லிஆம்பியருக்கு மேல் செலுத்தி, இத்தனை ஆண்டு காத்திருந்த ஃபிலமென்டை நொடியில் எரித்துவிடும். டிஜிட்டல் மீட்டரில் பாருங்கள்.