வயதானால் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுவது ஏன்?
அப்பாவுக்கு 68 வயது, வெறும் வயிற்றில் 96, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 170. இனிப்பே தொடாதவருக்கு ஏன் இப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

சாப்பிட்டதும் கணையத்தின் பீட்டா செல்கள், சேமித்து வைத்திருக்கும் இன்சுலினை முதல் சில நிமிடங்களிலேயே சட்டென்று வெளிவிட வேண்டும். வயதாக ஆக இந்த முதல் வேகம்தான் குறைகிறது. தேய்ந்த செல்களுக்குப் பதிலாகப் புதியவை உருவாவதும் அந்த வயதில் மிக அரிது.

அப்புறம், தசை. உணவிலிருந்து வரும் குளுக்கோஸில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வது அதுதான். தசை கரைந்து வயிற்றில் கொழுப்பு சேர்ந்தால், அதே சோற்றுக்குக் கூடுதல் இன்சுலின் தேவைப்படும். தளர்ந்த கணையம் அதற்கு ஈடுகொடுக்காது. வெறும் வயிற்றில் சிறிதளவு இன்சுலினே போதும் என்பதால் அந்த எண் நன்றாகவே தெரியும்.

அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து எடுக்கும் பரிசோதனையில் இரண்டு மணி நேர அளவு 140 முதல் 199 வரை வந்தால், அது நீரிழிவுக்கு முந்தைய நிலை. மருத்துவரிடம் கேட்டு அதைச் செய்துவிடுங்கள்.