நாட்டுப்பாடல் ஆக்கப்பட்டவை

அன்புள்ள ஆசிரியருக்கு,

பாக்தாத் வானொலியின் முதல் இசைக்குழுவில் பெரும்பாலும் யூதர்கள்தான் இருந்தார்கள் என்று போன கட்டுரையில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். நான் குவைத்தில் பல வருடம் வேலை பார்த்தவன். உடன் வேலை செய்த ஈராக்கியர் ஒருவர் எந்நேரமும் பழைய பாட்டுகளைப் போட்டுக்கொண்டிருப்பார். அவரிடம் ஃபோனில் இதைச் சொன்னேன். சிரித்துவிட்டார். "அதெல்லாம் நாட்டுப்பாடல், யாரும் இசையமைத்ததில்லை" என்கிறார். யார் சொல்வது சரி? அரபு இசைக்குள் யூதர்கள் எப்படி வந்தார்கள்?

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் பொய் சொல்லவில்லை. அவர் வளர்ந்த காலத்தில் வானொலி அவருக்கு அப்படித்தான் சொல்லியிருக்கும். பிறகு சதாம் உசேன் தலைமை தாங்கிய பாத் கட்சியின் ஆட்சியில், அந்தப் பாட்டுகளில் பலவற்றுக்கு மெட்டுப் போட்ட யூத இசைக்கலைஞர்களான சாலிஹ், தாவூத் அல்-குவைத்தி சகோதரர்களின் பெயரை எடுத்துவிட்டு, பாட்டுகளை மட்டும் 'மரபுப் பாடல்' என்று ஒலிபரப்பினார்கள். பாட்டைத் தடை செய்ய முடியாது, ஊரே பாடுகிறது. பெயரை நீக்குவது சுலபம்.

நீங்கள் வேலை பார்த்த குவைத்தில்தான் அந்தச் சகோதரர்கள் பிறந்தார்கள். சாலிஹ் 1908, தாவூத் 1910. வியாபாரத்துக்காக இந்தியா வந்துபோன உறவினர் ஒருவர் சிறுவர்களுக்கு ஒரு வயலினும் 'ஊத்' என்ற அரபுத் தந்தி வாத்தியமும் வாங்கிச் சென்றார் என்பது குடும்பத்தில் வழங்கும் கதை. பிறகு பாஸ்ரா, அங்கிருந்து பாக்தாத். 1936-ல் ஈராக் வானொலிக்கு இசைக்குழு அமைத்தவர் சாலிஹ். பாக்தாதின் யூதப் பாடகி சலீமா முராத் பாடிய 'கல்பக் ஸக்ர் ஜல்மூத்' அவர் போட்ட மெட்டு. 'உன் நெஞ்சு கல்' என்று காதலனைத் திட்டும் பாட்டு. பாக்தாதுக்குக் கச்சேரி செய்ய வந்த எகிப்தின் புகழ்பெற்ற பாடகி உம் குல்தூம் அதைக் கேட்டுக் கற்றுக்கொண்டு பாடினார். எகிப்துக்கு வெளியே போட்ட மெட்டுகளை அவர் தொட்டதே அபூர்வம்.

யூதர்கள் எப்படி வந்தார்கள் என்று கேட்கிறீர்கள். வரவில்லை, பாபிலோன் காலத்திலிருந்து அங்கேயே இருந்தவர்கள். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாக்தாதில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் யூதர். வீட்டில் பேசியதும் அரபுதான். வாத்தியம் அவர்கள் கைக்குப் போனதற்குக் காரணம் கொஞ்சம் கசப்பானது. மதிப்பான முஸ்லிம் குடும்பங்களில் பாடுவதற்கு மரியாதை இருந்தது, குர்ஆன் ஓதும் குரலோடு அதற்குத் தொடர்பு உண்டு. காசுக்கு வாத்தியம் வாசிப்பதோ இழிவு. ஆகவே சந்தூரும், வில்லால் வாசிக்கும் ஜோஸா என்ற தந்தி வாத்தியமும் யூதக் குடும்பங்களில் பரம்பரைத் தொழிலாயின. 1932-ல் கெய்ரோவில் நடந்த அரபு இசை மாநாட்டுக்கு ஈராக் அனுப்பிய குழுவைப் பாருங்கள்: பாடகர் முகம்மது அல்-குப்பன்ஜி முஸ்லிம், பின்னால் உட்கார்ந்து வாசித்தவர்கள் யூதர்கள். இதை 'யூத இசை' என்று பெயர் மாற்றி உரிமை கொண்டாடுவதும் எனக்கு ஒப்பவில்லை. அது ஈராக்கிய இசை. ஈராக்கியர்கள் வாசித்தார்கள், அவ்வளவுதான்.

1941 ஜூனில் பாக்தாதில் நடந்த ஃபர்ஹூத் கலவரத்தில் நூற்றுக்கும் அதிகமான யூதர்கள் கொல்லப்பட்டார்கள். 1950-ல் வெளியேற விரும்புவோர் குடியுரிமையைத் துறக்கலாம் என்று சட்டம் வந்தது, மறுவருடம் அவர்கள் சொத்துகள் முடக்கப்பட்டன. சுமார் 1,20,000 பேர் இஸ்ரேலுக்கு விமானம் ஏறினார்கள். சகோதரர்களும் போனார்கள். சலீமா முராத் மட்டும் பாக்தாதிலேயே இருந்துவிட்டார். அவர் மதம் மாறி, பாடகர் நாஸிம் அல்-கஸாலியை மணந்தவர்.

போன இடத்திலும் வாழவைக்கவில்லை என்பதை நான் அழுத்திச் சொல்வேன். ஐரோப்பிய யூதர்கள் கையில் இருந்த அந்த நாட்டுக்கு அரபு இசை எதிரியின் இசை. வானொலியின் அரபுப் பிரிவில் வாசிக்க இடம் கிடைத்தது. பிழைப்புக்கு டெல் அவீவின் ஹதிக்வா பகுதியில் பாத்திரக்கடை. ஈராக் மன்னர் காஸியிடம் பரிசு பெற்ற கைகள் சட்டி பானை விற்றன. தாவூத் தன் பிள்ளைகளை இசைப் பக்கமே விடவில்லை. அவர் இறந்த பிறகு பிறந்த பேரன், ராக் பாடகர் தூதூ தாஸா, 2011-ல் அந்தப் பாட்டுகளை எடுத்து அரபியிலேயே பாடி வெளியிட்டார். ஒரு நாடு பெயரை எடுத்தது, இன்னொரு நாடு காதைப் பொத்திக்கொண்டது. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நண்பரோடு வாதாட வேண்டாம். எல்லாப் பழைய பாட்டும் சாலிஹுடையது அல்ல, அவர் சொல்வதில் பாதி நிஜமாகவே நாட்டுப்பாடலாக இருக்கலாம். அவர் போடும் பாட்டில் சலீமா முராதின் குரல் வந்தால், மெட்டு யாருடையது என்று மட்டும் கேட்டுப்பாருங்கள். நீங்கள் கேட்க வேண்டியது கெய்ரோ மாநாட்டில் எச்.எம்.வி. பதிவு செய்த குப்பன்ஜியின் மகாம்கள், அதாவது ஈராக்கின் செவ்வியல் பாடல்கள். இணையத்தில் கிடைக்கின்றன. இரைச்சல் அதிகம், ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள்.

அன்புடன்