பப்புக்குச் சாப்பிடப் போகலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் வில்ட்ஷயர் பக்கம், சிப்பனம் ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்கு நானும் கணவரும் வந்திருக்கிறோம். பக்கத்து வீட்டில் வயதான ஆங்கிலேயத் தம்பதி. என் பேரன்மீது உயிரையே வைத்திருக்கிறார்கள். வரும் ஞாயிறு மதியம், கிராமத்து பப் ஒன்றில் சாப்பிட எங்கள் எல்லோரையும் அழைத்திருக்கிறார்கள். நாங்கள் சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டோம். "சாராயக் கடைக்குள் காலெடுத்து வைக்கமாட்டேன்" என்று பிடிவாதமாக இருக்கிறார் கணவர். மறுத்தால் அவர்கள் மனம் நோகுமோ என்று எனக்குக் கவலை. என்ன செய்வது?
- திருநெல்வேலி வாசகி

பதில்: அன்புச் சகோதரி, தயங்காமல் போய் வாருங்கள்.

உங்கள் கணவர் மனத்தில் இருப்பது நம் ஊர் மதுக்கடை. அந்த அருவருப்பு நியாயமானது. ஆனால் ஆங்கிலக் கிராமத்து பப் என்பது ஊருக்கே பொதுவான கூடம் போன்றது. அங்கே பீர் ஊற்றுவார்கள்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. அதே இடத்தில்தான் பாட்டி பேத்தியோடு உட்கார்ந்து சாப்பிடுவார். நடைப்பயணம் முடித்து வந்தவர் நாயைக் காலடியில் படுக்கவைத்து சூப் குடிப்பார். 2007 முதல் உள்ளே புகைபிடிக்கச் சட்டப்படி தடை இருப்பதால் சிகரெட் நாற்றமும் கிடையாது. சிப்பனத்திலிருந்து சில மைல் தள்ளி லேக்காக் என்ற அழகான கிராமம் இருக்கிறது. அங்கே ஜார்ஜ் இன் என்ற பழைய பப்பின் கணப்படுப்பு அருகே ஒரு மரச்சக்கரத்தைக் காணலாம். அந்தக் காலத்தில் இறைச்சி வாட்டும் கம்பியைச் சுழற்ற, அந்தச் சக்கரத்துக்குள் ஒரு நாயை ஓடவிடுவார்களாம். எத்தனை தலைமுறை அந்த நெருப்பருகே உட்கார்ந்து எழுந்திருக்கும்!

இனி சாப்பாடு. நீங்கள் உண்மையிலேயே கவனமாக இருக்கவேண்டியது இதில்தான். அங்கே சைவம் என்றால் முட்டையும் பாலும் சேர்த்திதான். ஞாயிறு மதியம் பெரும்பாலான பப்களில் 'ரோஸ்ட்' இருக்கும்: வாட்டிய மாட்டிறைச்சி அல்லது ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, காய்கறி, மேலே கிரேவி. சைவர்களுக்கு இறைச்சிக்குப் பதிலாக முந்திரி, வால்நட் போன்ற கொட்டைப் பருப்புகளையும் ரொட்டித்தூளையும் சேர்த்துச் சுட்ட 'நட் ரோஸ்ட்' வைப்பார்கள். பார்க்க அப்பாவியாகத் தெரிந்தாலும், அது உதிராமலிருக்கப் பெரும்பாலும் முட்டை சேர்த்திருப்பார்கள். தட்டின் ஓரத்தில் பொன்னிறக் கிண்ணமாக உப்பி நிற்கும் யார்க்‌ஷயர் புட்டிங் முழுக்க மாவும் முட்டையும் பாலும். மொறுமொறு உருளைக்கிழங்கை மாட்டுக்கொழுப்பிலோ வாத்துக்கொழுப்பிலோ பொரித்திருக்கக்கூடும். கிரேவி இறைச்சிச் சாற்றிலிருந்து வருவது.

பயப்படாதீர்கள், வழி இருக்கிறது. ஓரிரு நாள் முன்பே மகளைத் தொலைபேசியில் அந்த பப்பில் கேட்கச் சொல்லுங்கள். பால், முட்டை உட்பட விலங்கிலிருந்து வரும் எதுவும் சேராத உணவை அங்கே 'வீகன்' என்பார்கள். "எங்களுக்கு வீகன் ரோஸ்ட், வீகன் கிரேவி, எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்கு" என்று சொன்னால் முட்டை, கொழுப்பு எல்லாமே விலகிவிடும். சிறிய சமையலறைகள் அவை. கடைசி நிமிடத்தில் கேட்டால் அவர்களுக்கும் சங்கடம். ஒவ்வாமை உண்டாக்கும் 14 பொருள்களைப் பற்றிக் கேட்பவருக்குச் சொல்லியாக வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. முட்டையும் அதில் ஒன்று. ஆகவே கூச்சப்படாமல் கேளுங்கள். கடைசியில் ஆப்பிள் கிரம்பிள் இனிப்பைச் சாப்பிடாமல் வராதீர்கள். அதன்மேல் ஊற்றும் கஸ்டர்டில் முட்டை உண்டா என்று மட்டும் விசாரியுங்கள். கஸ்டர்டு பவுடரில் செய்தது என்றால் பெரும்பாலும் கவலையில்லை. முட்டை ஒவ்வாத தன் மனைவிக்காக 1837-இல் பர்மிங்ஹாமில் ஆல்ஃப்ரட் பேர்டு என்பவர் கண்டுபிடித்தது அது.

குடிக்க என்ன வேண்டும் என்று கேட்பார்கள். "எல்டர்ஃபிளவர் கார்டியல்" என்று சொல்லுங்கள். வெள்ளைப் பூக்களின் மணமுள்ள சர்க்கரைப்பாகில் தண்ணீரோ சோடாவோ கலந்து தருவார்கள். மது துளியும் கிடையாது. லைம் சோடாவும் நன்றாக இருக்கும். குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தரவேண்டியது அவர்கள் கடமை. மது வேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள், அங்கே யாரும் வற்புறுத்துவதில்லை.

பல கிராமத்து பப்களில் மேசைக்கு வந்து ஆர்டர் எடுக்கமாட்டார்கள். நாமே கவுன்டருக்குப் போய், மேசை எண்ணைச் சொல்லி, அங்கேயே பணம் கட்ட வேண்டும். சில இடங்களில் எண் எழுதிய மரக்கரண்டியைக் கையில் தருவார்கள். அதை மேசையில் நிறுத்தி வைத்தால் தட்டு உங்களைத் தேடி வரும். கவுன்டரில் கையை உயர்த்திக் கூப்பிடுவது மரியாதையாகப்படாது. யார் முதலில் வந்தார் என்பது நிற்பவர்களுக்கும் தெரியும், ஊற்றுபவருக்கும் தெரியும். பெரும்பாலும் அழைத்தவர்களே சாப்பாட்டுக்குப் பணம் கொடுப்பார்கள். முதல் சுற்றுப் பானம் உங்கள் மருமகன் செலவாக இருக்கட்டும். அது அவர்களுக்கு நன்றாகப் புரியும் மரியாதை. நேரத்துக்குப் போய்விடுங்கள், மதியச் சமையல் முடிந்ததும் அடுப்பை அணைத்துவிடுவார்கள்.

கணவரை வற்புறுத்தாதீர்கள். பேரனைத் தூக்கிக் கொஞ்சும் இரண்டு பெரியவர்கள் தங்கள் ஊர்ச் சாப்பாட்டை உங்களோடு உட்கார்ந்து சாப்பிட ஆசைப்படுகிறார்கள் என்பதை மட்டும் ஒருமுறை எடுத்துச் சொல்லுங்கள். அப்படியும் மனம் வரவில்லை என்றால் நீங்களும் மகள் குடும்பமும் போங்கள். "அவருக்கு மது இருக்கும் இடத்தில் உட்காருவது வழக்கமில்லை" என்று உள்ளதைச் சொன்னால் அவர்கள் தவறாக நினைக்கமாட்டார்கள். அவர் வந்தாலும் வராவிட்டாலும், அடுத்த ஞாயிறு அந்தத் தம்பதியை உங்கள் கையால் இட்லி, சொதி சாப்பிட வீட்டுக்கு அழையுங்கள். காரம் எவ்வளவு தாங்கும், எது ஒத்துக்கொள்ளாது என்று அவர்களிடமும் முன்பே கேட்டுவிடுங்கள்.