வலி மாத்திரை போட்டுவிட்டு ஆடலாமா? விளையாட்டு மருத்துவரிடம் சில கேள்விகள்

கேள்வி (ஒரு தாய்): டாக்டர், 13 வயதுப் பையன் கால்பந்துப் பயிற்சியில் கணுக்காலைப் பிசகிக்கொண்டான். வீட்டில் ஐப்யூப்ரோஃபென் இருக்கிறது, கொடுக்கலாமா?

பதில்: மாத்திரைக்கு முன் காலைப் பாருங்கள் அம்மா. நாலு எட்டு ஊன்றி நடக்கிறானா? கணுக்காலின் இரு பக்கமும் துருத்தியிருக்கும் எலும்பை விரலால் அழுத்தினால் துள்ளுகிறானா? வளரும் வயதில் எலும்பு முனையிலுள்ள வளர்ச்சித் தட்டு, பக்கத்திலிருக்கும் ஜவ்வைவிட பலவீனமானது. பெரியவர்களுக்கு ஜவ்வு கிழிகிற அடியில் பிள்ளைகளுக்கு அந்தத் தட்டு விரிசல் விடலாம். சந்தேகம் வந்தால் நீவிவிடாமல் எக்ஸ்ரே எடுங்கள்.

சாதாரண சுளுக்குதான் என்றால் முதலில் பாராசிட்டமால் போதும். எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., அதாவது 40 கிலோ பையனுக்கு ஒரு வேளைக்கு 400 முதல் 600 மி.கி. வேளைக்கு வேளை குறைந்தது 4 மணி நேர இடைவெளி, ஒரு நாளில் 4 வேளைக்கு மேல் வேண்டாம். சளி மருந்திலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், அட்டையைப் படித்துவிடுங்கள். ஐப்யூப்ரோஃபென் கொடுப்பதானால் சாப்பிட்ட பிறகு கொடுங்கள். ஆஸ்துமா இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

கேள்வி (ஒரு பயிற்சியாளர்): ஆட்டத்துக்கு முன்பே ஒரு வலி மாத்திரை போட்டால் பிள்ளைகள் தயங்காமல் ஆடுகிறார்கள். தப்பா?

பதில்: தப்புதான் சார். இரவு வலியில் தூக்கம் வராத பிள்ளைக்கு மாத்திரை கொடுப்பது வேறு, களத்தில் இறக்குவதற்குக் கொடுப்பது வேறு. வலி தெரியாத காலை அவன் முழு வேகத்தில் ஊன்றுவான், பாதி கிழிந்தது முழுதாகக் கிழியும். இன்னொன்று சிறுநீரகம். வியர்த்து நீர்ச்சத்து குறையும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வது புரோஸ்டாகிளாண்டின் என்று உடம்பே சுரக்கும் ஒரு பொருள். ஐப்யூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் எல்லாம் அதைத்தான் தடுக்கின்றன. வெயிலில் நடக்கும் ஆட்டத்துக்கு முன் இது வேண்டாத வேலை. மாத்திரை இல்லாமல் ஓடி, வெட்டித் திரும்பி, ஒற்றைக் காலில் குதித்துக் காட்டட்டும். அப்புறம் அணியில் சேருங்கள்.

கேள்வி (பேட்மிண்டன் ஆடும் மாணவி): டைக்ளோஃபெனாக் ஜெல் தடவிக்கொண்டு மாத்திரையும் போடலாமா?

பதில்: நீங்களாக இரண்டையும் சேர்க்காதீர்கள், ஒரே வகை மருந்துதான். காயம் பட்ட தோலில் ஜெல் தடவக் கூடாது.

கேள்வி (ஒரு தந்தை): ஆஸ்பிரின்?

பதில்: 16 வயதுக்குக் கீழே டாக்டர் எழுதித் தராமல் தொடவே வேண்டாம். மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய்க்குறி வரக்கூடும், அபூர்வம் என்றாலும்.

கேள்வி (17 வயது ஓட்டப்பந்தய வீரர்): குதிகாலுக்கு மேலே வலி. ஸ்டீராய்டு ஊசி போட்டால் சீக்கிரம் ஓடலாம் என்கிறார்கள். ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டுவேனா?

பதில்: தம்பி, சோதனையைவிட, கெண்டைக்கால் தசையைக் குதிகாலோடு இணைக்கும் தசைநாணை நினைத்துத்தான் எனக்குப் பயம். அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் தசைநாண் அறுந்துபோகும் அபாயம் உண்டு. படிப்படியாகச் சுமை ஏற்றும் குதிகால் பயிற்சிதான் அதற்கு வைத்தியம், மாதக்கணக்கில் ஆகும். சோதனை விஷயத்துக்கு வந்தால், 2022 முதல் இந்த ஊசி எந்த இடத்தில் போட்டாலும் போட்டிக் காலத்தில் தடை. டிராமடால் என்ற வலி மருந்தும் 2024 முதல் போட்டிக் காலத்தில் தடை. சில ஊசிகளின் தடம் உடம்பில் வாரக்கணக்கில் நிற்கும். ஊசி தேவைப்பட்டால் சிகிச்சை விலக்கு அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். எழுதித் தரும் டாக்டரிடம் நீங்கள் போட்டியில் ஓடுபவர் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி (ஒரு தாய்): தலையில் அடிபட்டுத் தலைவலி என்றாள் மகள். மாத்திரை போட்டதும் சரியாகிவிட்டது. இன்றே ஆட விடலாமா?

பதில்: கூடாது. தலைவலி அடங்கியது மாத்திரையால், மூளை அதிர்ச்சி போய்விட்டது என்று அர்த்தமில்லை. டாக்டர் பார்த்த பிறகே பயிற்சி. வாந்தி, குழப்பம், தூங்கி வழிவது, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, இதில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.