கல்லீரலுக்குள் பித்தக்கல்: ஏற்கெனவே சி.டி. இருக்க, முப்பரிமாணப் படம் எதற்கு?

கேள்வி: அம்மாவுக்கு 54 வயது. கல்லீரலின் இடப்பக்கப் பித்தநாளங்களில் கற்கள். இ.ஆர்.சி.பி. (வாய்வழியே குழாய்க் கருவி விட்டுப் பித்தநாளத்தை அடையும் முறை) மூலம் பொதுப் பித்தநாளத்தில் இருந்தவற்றை எடுத்துவிட்டார்கள். உள்ளே இருப்பவை வரவில்லை. கல்லீரலின் இடப்பகுதியை அகற்ற வேண்டும், அதற்கு முன் முப்பரிமாணப் படம் வேண்டும் என்கிறார் மருத்துவர். ஏற்கெனவே சி.டி. எடுத்தாயிற்றே, மறுபடியுமா?

பதில்: மறுபடி எடுக்காமலே முடியலாம். முப்பரிமாணப் படம் தனி ஸ்கேன் அல்ல. சி.டி., எம்.ஆர்.சி.பி. (பித்தநாளங்களைக் காட்டும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்) துண்டுப் படங்களைக் கணினியில் அடுக்கி, தமனி, போர்ட்டல் சிரை (குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுவருவது), கல்லீரல் சிரை, பித்தநாளம், கல் என நிறம் பிரித்துக் காட்டுவதுதான் அது. பழைய சி.டி.யின் துண்டுத் தடிமன் என்ன என்று கேளுங்கள். 1 மி.மீ. அளவில், கான்ட்ராஸ்ட் மருந்துடன், தமனிக் கட்டமும் சிரைக் கட்டமும் (மருந்து தமனியிலும் பிறகு சிரையிலும் பாயும் நேரங்களில் எடுத்த படங்கள்) இருந்தால் போதும். 5 மி.மீ. என்றால் மெல்லிய நாளங்கள் அதில் கரைந்துபோகும். ஃபிலிமில் தடித்த துண்டுகளை மட்டும் அச்சிட்டுவிட்டு, மெல்லியவற்றை ஸ்கேன் மையம் கணினியில் வைத்திருப்பதுண்டு. சில இடங்களில் சீக்கிரமே அழித்துவிடுவார்கள். உடனே டைகாம் (ஸ்கேனின் மூலக் கணினி வடிவம்) கோப்புகளாகக் கேட்டு வாங்குங்கள்.

சி.டி. மட்டும் போதாது. சுண்ணாம்புச் சத்து குறைந்த கல் அதில் பித்தநீரோடு கலந்து தெரியாமல் போகலாம். எம்.ஆர்.சி.பி.யில் பித்தநீர் வெள்ளையாகவும் கல் கருப்பாகவும் தெரியும். 4 முதல் 6 மணி நேரம் வெறும் வயிற்றில் இருக்க வேண்டும். மூச்சு சீராக இல்லாவிட்டால் படம் கலங்கும்.

அம்மாவின் விஷயத்தில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. இ.ஆர்.சி.பி.யில் நாளத்தின் வாயைக் கீறிவிட்டிருந்தால் குடலிலிருந்து காற்று உள்ளே ஏறும். எம்.ஆர்.சி.பி.யில் காற்றும் கருப்புதான். கவனிக்காமல் நிறம் தீட்டினால் காற்றுக் குமிழி கல்லாகிவிடும். மல்லாந்து படுத்திருப்பவரின் குறுக்குவெட்டுப் படத்தில் காற்று நாளத்தின் மேல்புறம் மிதக்கும், கல் பெரும்பாலும் அடியில் தங்கும். சி.டி.யோடு ஒப்பிட்டால் ஐயம் தீரும். சுற்றிச் சுழலும் அழகான தொகுப்புப் படத்தில் சுற்றியுள்ள பித்தநீரின் வெள்ளை சின்னக் கல்லை மூடிவிடுவதும் உண்டு. அதனால் மூலத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தே தீர வேண்டும்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு? கல்லுக்குக் கீழே நாளம் குறுகியிருக்கும் இடத்தை அறிய வேண்டும். அதை விட்டுவிட்டுக் கல்லை மட்டும் எடுத்தால் மறுபடி கல் சேரும். அதைவிட முக்கியமாக, சிலருக்கு வலப்புறப் பின்பகுதியின் பித்தநாளம் இடது நாளத்தில் வந்து சேரும். அரிதான அமைப்பு அல்ல இது. தெரியாமல் இடது நாளத்தை அந்த இணைப்புக்குக் கீழே வெட்டினால், விட்டுவைக்கும் வலப்பகுதியின் வடிகாலே அறுந்துபோகும். நெடுநாள் அடைப்பில் இடப்பகுதி சுருங்கி வலப்பகுதி பருத்திருந்தால் கல்லீரல் வாசலே (ரத்தக் குழாய்களும் பித்தநாளமும் நுழையும் இடம்) திரும்பியிருக்கும். ரத்தக் குழாய்கள் வழக்கமான இடத்தில் இரா.

மிஞ்சும் கல்லீரலின் அளவையும் இதில் கணக்கிடுவார்கள். நல்ல கல்லீரலில் 25 சதவீதம் அளவுக்கு மிஞ்சினால் பொதுவாகப் போதும். சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்குதல்) இருந்தால் 40 சதவீதமாவது வேண்டும். இடப்பகுதியை எடுக்கும்போது இது அபூர்வமாகவே தடையாகும். ஆனால் வீங்கிய நாளங்களையும் கற்களையும் கழித்துத்தான் கணக்கிட்டார்களா என்று கேட்பதில் தவறில்லை.

இந்தப் படம் படுத்திருக்கும் கல்லீரலுடையது. அறுவையில் கல்லீரலை அதைப் பிடித்திருக்கும் இணைப்புத் திசுக்களிலிருந்து விடுவித்துத் திருப்பும்போது வடிவம் மாறும். ஆகவே அறுவை மேசையில் அல்ட்ராசவுண்டும், நாளத்துக்குள் நுழைத்துப் பார்க்கும் கோலிடோகோஸ்கோப்பும் இருக்கின்றனவா என்று விசாரியுங்கள். நாளச் சுவர் தடித்திருந்தால் புற்றுநோய் ஐயத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். நிறம் தீட்டிய படம் அதைச் சொல்லாது.

ஸ்கேனுக்கு முன் கிரியாட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டுக்கான ரத்தப் பரிசோதனை) முடிவு, சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை, பழைய ஒவ்வாமை, பேஸ்மேக்கர் எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இடையில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் மஞ்சள் காமாலையும் வந்தால் படத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனையில் சேருங்கள்.