வலிக்காத கால்தான் எனக்குப் பயம்: பாதம் பற்றிக் கேள்வி பதில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மருத்துவர் இல்லை. சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்குக் கட்டுப் போடும் பிரிவில் 22 வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். மருந்துச் சீட்டு எழுத மாட்டேன். எதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், எதற்கு ஓடவேண்டும் என்று மட்டும் சொல்வேன். வந்த கேள்விகளைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

சிஸ்டர், எனக்கு 34 வயது. இரண்டு குதிகாலிலும் பித்தவெடிப்பு. உடம்பில் பித்தம் கூடினால் வரும் என்கிறார் மாமியார். பத்தியம் இருக்க வேண்டுமா? (கரூர்)

பெயரில்தான் பித்தம் இருக்கிறது. குதிகால் தோலுக்கு எண்ணெய்ச் சுரப்பி கிடையாது, அதனால் சீக்கிரம் காய்ந்துவிடும். காய்ந்து தடித்த தோல்மேல் உடம்பின் எடை இறங்கும்போது அது பக்கவாட்டில் விரியப் பார்க்கும். விரிய முடியாமல் பிளந்துகொள்ளும். வெறுங்காலில் சிமெண்டுத் தரையில் நாளெல்லாம் நிற்பவர்கள், பின்பக்கம் திறந்த செருப்பு போடுபவர்கள், எடை கூடியவர்கள் ஆகியோருக்கு அதிகம் வரும். பத்தியம் எதுவும் வேண்டாம்.

ராத்திரி படுக்கும் முன் பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வையுங்கள். கால் தேய்க்கும் கல்லால் லேசாகத் தேயுங்கள். ஒரே நாளில் வழவழப்பாக்கிவிட வேண்டும் என்று துணி துவைக்கிற கல்லில் போட்டு உரசாதீர்கள். ஈரத்தை ஒற்றி எடுத்ததும் யூரியா கலந்த கிரீம் தடவுங்கள், மருந்துக்கடையில் கிடைக்கும். அது இல்லையென்றால் வாசலினோ தேங்காயெண்ணெயோ போதும். மேலே பருத்திக் காலுறை போட்டுக்கொண்டு தூங்குங்கள். எண்ணெய்க் காலோடு பாத்ரூமுக்குப் போய் வழுக்கி விழுந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். மூன்று வாரம் விடாமல் செய்தால் வித்தியாசம் தெரியும். வெடிப்பில் ரத்தமோ சீழோ வந்தால், அல்லது உங்களுக்குச் சர்க்கரை இருந்தால், தண்ணீரில் ஊறவைப்பதை விட்டுவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை, 61 வயது. பாதத்தில் கால் ஆணி. ஊரில் ஒருவர் எருக்கம்பால் விடச் சொன்னார். கடையில் ஆணிக்கு ஒட்டும் பிளாஸ்திரியும் இருக்கிறது. எது நல்லது? (அருப்புக்கோட்டை)

இரண்டும் வேண்டாம். எருக்கம்பால் தோலை அரிக்கும். அந்தப் பிளாஸ்திரியில் இருப்பது சாலிசிலிக் அமிலம். அதுவும் தோலைக் கரைக்கத்தான் செய்யும், ஆணி எது நல்ல தோல் எது என்று அதற்குத் தெரியாது. சர்க்கரை இல்லாதவர் போட்டால் எரியும், எரிந்ததும் எடுத்துவிடுவார். உங்கள் அப்பாவுக்கு எரிச்சலே தெரியாமல் போகலாம். நாலாம் நாள் பிரித்துப் பார்த்தால் அங்கே குழி விழுந்திருக்கும். பிளேடு போட்டுச் சீவுவதும் அப்படித்தான்.

ஆணி என்பது ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம் விழுவதால் தோல் தடித்துப்போவது. அந்த அழுத்தம் போகாமல் ஆணியை மட்டும் வெட்டினால் இரண்டு மாதத்தில் மறுபடி வந்து நிற்கும். சர்க்கரைக்காரர் காலில் அந்தத் தடிப்புக்கு அடியிலேயே புண் ஒளிந்திருப்பதும் உண்டு. அதனால் கால் பிரிவில் பழக்கப்பட்டவர்கள் சீவட்டும், நீங்கள் செருப்பை மாற்றுங்கள்.

அப்புறம், அது ஆணிதானா என்றும் பாருங்கள். நேராக அழுத்தினால் வலிப்பது ஆணி. இரண்டு பக்கமும் கிள்ளிப் பிடித்தால் வலித்து, உள்ளே கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது பெரும்பாலும் மரு. மரு வைரஸால் வருவது, அதன் வைத்தியம் வேறு.

எனக்கு 58 வயது, 14 வருடமாகச் சர்க்கரை. கொஞ்ச நாளாகச் செருப்பு காலிலிருந்து கழன்றுபோவதே தெரியவில்லை. பத்தடி நடந்த பிறகு மனைவி சொல்லித்தான் தெரிகிறது. வலி ஒன்றும் இல்லை. வயசானால் இப்படித்தானா? (கோவில்பட்டி)

வயசு காரணம் இல்லை ஐயா. இன்றைக்கு வந்த கேள்விகளில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான். "வலி ஒன்றும் இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் விஷயமே. சர்க்கரை பல வருடம் கட்டுக்குள் இல்லாமல் இருந்தால் பாதத்தின் உணர்வு நரம்புகள் கெட்டுப்போகும், கால் மரத்துவிடும். செருப்பு கழன்றது தெரியாத காலுக்கு உள்ளே கிடக்கும் கல்லும் தெரியாது, ஆணி குத்தியதும் தெரியாது.

ரப்பர் செருப்பின் அடியில் குத்திய கட்டையாணியோடு மூன்று நாள் நடந்து வந்தவருக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். தரையில் படுத்துத் தூங்கியபோது எலி கால் விரலைக் கடித்ததுகூடத் தெரியாமல், விடிந்து பாயில் ரத்தம் பார்த்து வந்தவர்கள் உண்டு. கேட்டால் நம்ப மாட்டீர்கள், எங்கள் பிரிவில் இது அதிசயம் இல்லை.

முதலில் பரிசோதனை. மோனோபிலமெண்ட் என்று ஒரு நைலான் இழை இருக்கிறது. பாதத்தில் வைத்து அழுத்தினால் 10 கிராம் அழுத்தத்தில் வளையும். கண்ணை மூடிக்கொண்டு, தொடுவது தெரிகிறதா என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான். ஊசி கிடையாது. கூடவே காலில் ரத்த ஓட்டத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை உள்ள எல்லோருக்கும் வருடம் ஒருமுறையாவது இதைச் செய்யவேண்டும். கேட்காவிட்டால் பல இடங்களில் செருப்பைக் கழற்றக்கூடச் சொல்வதில்லை, நீங்களே கழற்றிக் காட்டுங்கள். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 'பாதம் பாதுகாப்போம்' என்று இதற்கென்றே திட்டம் இருக்கிறது.

அடுத்து செருப்பு. எம்.சி.ஆர். செருப்பு என்று கேளுங்கள். உள்ளே மெத்தென்ற மைக்ரோசெல்லுலார் ரப்பர், அடியில் ஆணி குத்த முடியாத கெட்டி ரப்பர், பின்னால் வார். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே வார் வரும் செருப்பு உங்களுக்கு இனி வேண்டாம். இந்த எம்.சி.ஆர். முதலில் சர்க்கரைக்காரர்களுக்கு வந்தது இல்லை. வேலூரிலும் பக்கத்தில் கரிகிரியிலும் தொழுநோயாளிகளின் மரத்துப்போன கால்களுக்காக வளர்ந்தது. 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் (கொல்லிமலையில் பிறந்தவர்) தொழுநோயாளிகளைப் பார்த்துப் பார்த்து ஒன்றைப் புரியவைத்தார். விரல்கள் நோயால் அழுகி உதிர்வதில்லை, வலி தெரியாததால் அடிபட்டு அடிபட்டுத்தான் தேய்ந்துபோகின்றன. இன்றைக்குச் சர்க்கரைக் காலுக்குச் சொல்கிற புத்திமதியில் பாதிக்கு மேல் அங்கிருந்து வந்ததுதான்.

வலி செய்யவேண்டிய வேலையை இனி உங்கள் கண் செய்யவேண்டும். தினமும் ராத்திரி முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். விரல் இடுக்கையும் விரித்துப் பாருங்கள். கண் சரியாகத் தெரியவில்லையென்றால் பேரப்பிள்ளைகளிடம் காட்டுங்கள். செருப்பைப் போடுமுன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவுங்கள். குளிக்கிற வெந்நீரில் முழங்கையை வைத்துப் பார்த்த பிறகே காலை வையுங்கள். வீட்டுக்குள்ளும் வெறுங்கால் வேண்டாம்.

அப்படியென்றால் கிரிவலம்? ஒவ்வொரு பௌர்ணமிக்கும் போகிறேன். சர்க்கரை உண்டு. செருப்போடு மலையைச் சுற்ற மனசு வராது. (திருவண்ணாமலை)

மேலே உள்ள இழைப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். உணர்வு நன்றாக இருக்கிறது, ரத்த ஓட்டம் சரி, புண் இல்லை என்றால் போகலாம். வெயில் இறங்கித் தரை ஆறிய பிறகு கிளம்புங்கள், தடித்த பருத்திக் காலுறை போடுங்கள், நடுவில் இரண்டு மூன்று இடத்தில் உட்கார்ந்து உள்ளங்காலைப் பாருங்கள். 14 கிலோமீட்டர் என்பது காலுக்குச் சின்ன வேலை இல்லை.

உணர்வு போய்விட்டது என்றால் வெறுங்கால் வேண்டாம், இதில் நான் பிடிவாதக்காரி. கோடைப் பகலில் கோயில் பிராகாரக் கல்லில் பத்து நிமிடம் நின்று உள்ளங்கால் முழுக்கக் கொப்புளத்தோடு வந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்குச் சூடே தெரியவில்லை. அண்ணாமலையாரை வண்டியில் சுற்றி வருபவர்களும் இருக்கிறார்கள், அவர் கோபித்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டதில்லை.

காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைத்தால் குதிகாலில் உயிர் போகிறது. நடக்க நடக்கச் சரியாகிவிடுகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு வளர்ந்திருக்கிறது என்றார்கள். ஆபரேஷன் செய்யவேண்டுமா? (சேலம்)

குதிகால் வாதம் என்று ஊரில் சொல்வது. உள்ளங்காலில் குதிகாலிலிருந்து விரல்வரை ஓடும் நார்ப்பட்டை குதிகாலோடு ஒட்டும் இடத்தில் நொந்துபோயிருக்கிறது. ராத்திரி முழுக்கச் சுருங்கிக் கிடந்தது முதல் அடியில் திடீரென்று இழுபடுவதால்தான் அந்த வலி. எக்ஸ்ரேயில் தெரிந்த எலும்பைக் கண்டு பயப்படாதீர்கள். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு அந்த எலும்பு இருக்கிறது.

இறங்கும் முன்பே கட்டிலில் உட்கார்ந்து துண்டைப் பாதத்தில் மாட்டி, விரல்களை உங்கள் பக்கம் அரை நிமிடம் இழுத்துப் பிடியுங்கள். நாலைந்து தடவை. பகலில் சுவரைப் பிடித்துக் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி. சாயங்காலம் தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் வைத்து எடுத்து உள்ளங்காலில் உருட்டுங்கள் (மரத்த கால் உள்ளவர்கள் இதைச் செய்யக்கூடாது). வீட்டுக்குள் மெத்தென்ற செருப்பு போடுங்கள். பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் அடங்கிவிடும், ஆனால் பொறுமை வேண்டும். ஆபரேஷன் கடைசியில் யோசிக்கிற விஷயம்.

நடவு நேரத்தில் விரல் இடுக்கெல்லாம் வெந்து வெளுத்துப்போகிறது. கடையில் கொடுத்த கிரீம் போட்டால் இரண்டு நாளில் அரிப்பு நிற்கிறது, விட்டால் முன்னைவிட அதிகமாக வருகிறது. (மன்னார்குடி)

சேற்றுப்புண். ஈரத்தில் ஊறிய தோலில் பூஞ்சை பிடித்திருக்கிறது. அந்த கிரீம் டியூபை எடுத்து பெயர்களைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. அரிப்பை அடக்கும், பூஞ்சையை வளர்க்கும். நீங்கள் சொல்வது அப்படியே பொருந்துகிறது. அதை நிறுத்திவிட்டு குளோட்ரிமசோல் மட்டும் உள்ள கிரீமை வாங்கித் தடவுங்கள். அரிப்பு நின்ற பிறகும் இரண்டு வாரம் தொடருங்கள். அதற்கும் அடங்கவில்லையென்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

வயலிலிருந்து ஏறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கில் துணியை விட்டுத் துடைப்பது மருந்தைவிட முக்கியம். எண்ணெயோ வாசலினோ இடுக்கில் போடாதீர்கள். நான் முதல் பதிலில் சொன்னது குதிகாலுக்கு மட்டும்.

ஜவுளிக்கடையில் வேலை, பத்து மணி நேரம் நிற்கிறேன். சாயங்காலம் கால் வீங்கிக் கெண்டையில் நரம்பு புடைக்கிறது. (திருச்சி)

முதலில் உங்கள் உரிமை. 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்பவர்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று சேர்த்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காருவது யாரும் போடும் பிச்சை இல்லை.

நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். கெண்டைத் தசை இறுகும்போதுதான் ரத்தம் மேலே ஏறும். வீட்டுக்கு வந்ததும் தலையணை வைத்துக் காலை நெஞ்சுக்கு மேலே வரும்படி கால் மணி நேரம் வையுங்கள். புடைத்திருப்பது நரம்பு இல்லை, ரத்தக்குழாய். நரம்புச் சுருட்டல் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். அழுத்தக் காலுறை வாங்குமுன் மருத்துவரிடம் ஒருமுறை காட்டி அளவு எடுங்கள். ஒரே கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், அதற்கு அன்றைக்கே ஆஸ்பத்திரி.

மெட்டியைக் கழற்றவே முடியவில்லை, ஆறு மாதம் கர்ப்பம்.

சோப்புத் தண்ணீர் போட்டு, காலையில் வீக்கம் குறைவாக இருக்கும்போது முயற்சி செய்யுங்கள். வரவில்லையென்றால் நகைக்கடையில் வெட்டி எடுப்பார்கள். குழந்தை பிறந்த பிறகு மாட்டிக்கொள்ளலாம். முகமும் கையும் சேர்ந்து வீங்கினால், தலைவலித்தால், உடனே ரத்தக்கொதிப்பைப் பாருங்கள்.

ராத்திரி பாதம் நெருப்பாக எரிகிறது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எட்டு வருடமாகச் சாப்பிடுகிறேன்.

சர்க்கரையாலும் எரியும், பி12 வைட்டமின் குறைந்தாலும் எரியும். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு பி12 குறைவது தெரிந்த விஷயம். ரத்தத்தில் பி12 அளவு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எரிகிறதே என்று ஐஸ் தண்ணீரில் காலை முக்கவும் வேண்டாம்.

கால் கட்டைவிரல் நகம் சதைக்குள் போகிறது. ஓரத்தைத் தோண்டி எடுத்தால் ஒரு வாரம் சுகம், மறுபடி அதே கதை.

தோண்டுவதுதான் காரணமே. ஓரத்தை வளைத்து வெட்டினால் மீதியுள்ள கூர்முனை வளர்ந்து சதையில் ஏறும். குளித்த பிறகு, நகம் இளகியிருக்கும்போது, நேர்க்கோடாக வெட்டுங்கள். சீழ் பிடித்தால் எலுமிச்சம்பழத்தைச் செருகி வைத்து நாளைக் கடத்தாதீர்கள்.

அம்மாவுக்கு 60 வயது, சர்க்கரை. பத்து நாளாக இடது பாதம் மட்டும் சிவந்து வீங்கித் தொட்டால் சூடாக இருக்கிறது. புண் இல்லை, காய்ச்சல் இல்லை, அவ்வளவாக வலியும் இல்லை. வாதநீர் என்று தைலம் தேய்க்கிறோம். நடக்கிறார், வீட்டு வேலையெல்லாம் செய்கிறார். (திண்டுக்கல்)

தைலத்தை நிறுத்துங்கள். அம்மாவை உட்கார வையுங்கள், இந்தப் பதிலைப் படித்ததும் செய்யவேண்டிய முதல் வேலை அதுதான்.

சார்கோ பாதம் என்று ஒன்று இருக்கிறது. மரத்த காலில் எலும்பும் மூட்டும் உள்ளுக்குள்ளேயே நொறுங்கும். வலி தெரியாததால் அவர் நடந்துகொண்டே இருப்பார், ஒவ்வொரு அடியிலும் இன்னும் நொறுங்கும். பாதத்தின் வளைவு சரிந்து அடிப்பக்கம் படகு மாதிரி ஆகிவிட்டால் பழையபடி ஆக்குவது கஷ்டம். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமலும் போகலாம், அதனால் "எக்ஸ்ரே நார்மல்" என்று சொன்னாலும் திரும்பி வந்துவிடாதீர்கள். சர்க்கரைக் கால் பிரிவு உள்ள ஆஸ்பத்திரியில் "ஒரு கால் மட்டும் சூடாக இருக்கிறது, சார்கோவா என்று பாருங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். சார்கோதான் என்றால் கட்டுப் போட்டு மாதக்கணக்கில் எடை விழாமல் வைப்பார்கள். கிருமித் தொற்றாகவோ ரத்தக்கட்டாகவோ இருந்தாலும் அதுவும் தள்ளிப்போடுகிற விஷயம் இல்லை.

இன்றைக்கே கிளம்புங்கள். பஸ் நிலையம்வரைகூட நடத்திக் கூட்டிப்போக வேண்டாம், வாசலுக்கே ஆட்டோவை வரச் சொல்லுங்கள்.