மருந்தியல் பட்டதாரி எம்.பி.யின் கொள்கை உதவியாளர் ஆகலாமா?

பி.பார்ம் முடித்து மருத்துவமனை மென்பொருள் பிரிவில் பணியாற்றும் 24 வயது வாசகி ஒருவர், சுகாதாரத் தொழில்நுட்பக் கொள்கைத் துறைக்குச் செல்ல நாடாளுமன்ற உறுப்பினரின் உதவியாளர் பணி நல்ல தொடக்கமா என்று கேட்டிருக்கிறார்.

நல்ல தொடக்கம்தான், ஆனால், வயதைக் கருதி விரைந்து முடிவெடுக்க வேண்டும். பி.ஆர்.எஸ். ஆய்வு நிறுவனம் 2010-இல் தொடங்கிய, எம்.பி.க்களுக்கு உதவியாளர்களைத் தரும் ‘லாம்ப்’ திட்டம், எந்தத் துறையில் பட்டம் பெற்றவரையும் ஏற்றுக்கொண்டு, மழைக்காலக் கூட்டத்தொடரிலிருந்து பட்ஜெட் கூட்டத்தொடர் வரை ஓர் எம்.பி.யுடன் பணியாற்ற வைக்கிறது. அதற்கான வயது வரம்பு 25.

அங்கே உங்கள் அன்றாட வேலையின் பெரும்பகுதி, கேள்வி எழுதுவதாகவே இருக்கும். மக்களவையில் ஒரு நாளைக்கு அமைச்சர் வாய்மொழியாகப் பதிலளிக்கும் 20 நட்சத்திரக் கேள்விகளும் எழுத்தில் பதில் தரும் 230 நட்சத்திரமில்லாக் கேள்விகளும் மட்டுமே பட்டியலில் இடம்பெறுவதாலும், நட்சத்திரக் கேள்விக்கு மட்டுமே அவையில் துணைக்கேள்வி எழுப்ப முடியும் என்பதாலும், எதை எந்த வகையில் கேட்பது என்று தீர்மானிப்பதிலேயே உதவியாளரின் திறமை தெரிந்துவிடும். அரசமைப்புச் சட்டத்தின் அதிகாரப் பகிர்வில் பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலிலும் தொலைத்தொடர்பு ஒன்றியப் பட்டியலிலும் இருப்பதை மறந்து எழுதினால், “இது மாநில அரசின் பொறுப்பு” என்ற ஒற்றை வரிப் பதிலோடு அமைச்சகம் நழுவிவிடும்.

உங்கள் மருத்துவமனை அனுபவம் இங்கேதான் மதிப்புப் பெறும். 2019-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா, உடல்நலத் தரவைத் தனிக் கவனம் வேண்டிய நுண்ணுணர்வுத் தரவாக வகைப்படுத்தியது. நாடாளுமன்றக் கூட்டுக்குழு 81 திருத்தங்களைப் பரிந்துரைத்தபின் 2022-இல் அது திரும்பப் பெறப்பட்டது. 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த வகைப்பாடே இல்லை. 14 இலக்க ‘ஆபா’ (ஆயுஷ்மான் பாரத் சுகாதாரக் கணக்கு) எண்ணின் வழியே மருத்துவப் பதிவுகள் இணைக்கப்படும் காலத்தில் இதைக் கவலைக்குரிய இழப்பாகவே நான் பார்க்கிறேன். நோயாளியின் பதிவை யாரெல்லாம் திறந்து பார்க்கிறார்கள் என்று அருகிலிருந்து அறிந்தவர், சட்டம் மட்டும் படித்தவரைவிடக் கூர்மையாக இதைக் கேள்வியாக்க முடியும்.

மசோதாக்களையும் அமைச்சகங்களின் பணியையும் ஆராயும் எம்.பி.க்களின் நிலைக்குழுக் கூட்டங்கள் மூடிய அறையில் நடப்பவை. அங்கே நீங்கள் அமர முடியாது, முன்கூட்டியே குறிப்பு எழுதித் தரலாம். எம்.பி. பதவியிழந்தால் உங்கள் வேலையும் போகக்கூடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

விண்ணப்பிக்கும் முன், 2019 மசோதாவின் 3-ஆம் பிரிவையும் 2023 சட்டத்தின் 2-ஆம் பிரிவையும் அருகருகே வைத்துப் படித்து, விடுபட்டதைப் பற்றி 150 சொற்களுக்குள் ஒரு கேள்வி எழுதிப் பாருங்கள்.